அப்பாவின் 2015 காலண்டரை அழித்துவிட்டேன்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் காட்டுகிறேன் என்று சொன்ன ஃபாயில் வேலை, அதாவது பத்திரிகையில் பளபளவென்று மின்னும் எழுத்து போடுவது, இன்றைக்கு இல்லை. கோபமாக இருக்கிறேன். கிளவுட் பேக்கப் 2 டிபி நிரம்பிவிட்டதாம். அடுத்த பிளான் வருடத்துக்கு 13,000 ரூபாய். ஜிஎஸ்டி தனி! சிவகாசியில் ஒரு சின்ன பிரஸ் நடத்துகிறவனிடம் கேட்கிற காசா இது? 13,000!

சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று உள்ளே போனேன். ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை, ஃபைல் பெயர்களை மட்டும் கேளுங்கள். 'கடைசி'. 'கடைசி புதுசு'. 'இதுதான் கடைசி'. 'மாமா சொன்ன கடைசி'. ஒவ்வொன்றும் 400 எம்பி. கல்யாணம் நடந்தது 2018-இல். இரண்டாவது குழந்தையின் காதுகுத்துக்கும் நம்மிடமே அடித்துவிட்டார்கள்.

காசை விடுங்கள். போன ஆவணியில் வேறொரு கல்யாணத்துக்கு இதே மாதிரி ஒரு 'கடைசி'யை எடுத்து பிளேட் போட்டு, 500 பத்திரிகை பழைய மண்டபத்தின் பெயரோடு வந்து விழுந்தது. பேப்பர், மை, ராத்திரிக் கூலி, எல்லாம் போச்சு.

கிளவுட் என்றால் வானத்திலா இருக்கிறது? எங்கேயோ ஒரு கட்டடத்தில் ராத்திரி பகலாக சர்வர் ஓடுகிறது, அதைக் குளிர வைக்கவும் கரண்ட். அயர்லாந்தில் 2023-இல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போயிருக்கிறது. நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்தே 18தான். நம் மாமா ஃபைலின் பங்கு கடுகளவு. ஆனால் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் எத்தனை மாமா!

உட்கார்ந்து அழித்தேன். ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன்: பில்களைத் தொடவில்லை. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். முதலில் அழித்தது, வேலை கேட்டு வந்து சேராமல் போனவர்களின் ஆதார் நகல்களை. வெளியே கசிந்தால் யார் பதில் சொல்வது?

2015 காலண்டர் ஃபைலில்தான் அப்பாவோடு சண்டை. "2026-க்கு அதே கிழமைதான்டா வருது" என்றார். உண்மைதான், இரண்டிலும் ஜனவரி 1 வியாழன். ஆனால் அப்பா, 2015-இல் தீபாவளி நவம்பர் 10, 2026-இல் நவம்பர் 8! அமாவாசை, முகூர்த்தம், எல்லாமே மாறுமே!

அழித்தும் அளவு இறங்கவில்லை. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் குப்பைத் தொட்டியைக் காலி செய்யவில்லை! செய்ததும் 640 ஜிபிக்கு இறங்கிவிட்டது. பழைய பிளானே போதும்.

2015 காலண்டர் இப்போது பென் டிரைவில், அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.