மேல்தளத்தில் ஒரு சிவப்பு வட்டம்

[திரையில்: பவளக் கடலின் வரைபடம், அந்தி வெளிச்சம்]

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மே 7 அன்று மாலை, அமெரிக்கக் கப்பல்களைத் தேடிப் புறப்பட்ட 27 ஜப்பானிய விமானங்களில் எஞ்சியவை பவளக் கடலின் மேல் இருட்டில் திரும்பிக்கொண்டிருந்தன. கீழே தெரிந்த விமானந்தாங்கிக் கப்பல்களைத் தம்முடையவை என்றே நம்பிய சில விமானிகள் இறங்குவதற்கும் முயன்றனர். அவை அமெரிக்கக் கப்பல்கள்.

எரிபொருள் தீரும் நேரத்தில் திரும்பும் விமானி, தன் கப்பலை ஒரே பார்வையில் அடையாளம் காண வேண்டும். அதே உயரத்தில் வரும் எதிரிக்கோ அந்தக் கப்பல் கண்ணில் படவே கூடாது. மேல்தளத்தின் ஒவ்வொரு கோடும் நிறமும் இந்த இரண்டு தேவைகளுக்கு இடையில் பிறந்தவைதான்.

[திரையில்: ஜப்பானியக் கப்பலின் மேல்தளம், மேலிருந்து]

ஜப்பானியர் விமானியின் பக்கம் சாய்ந்தனர். மரப்பலகை வேய்ந்த தளத்தின் பின்முனையில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டி, தளம் எங்கே தொடங்குகிறது என்று காட்டினார்கள். முன்பகுதியில் ஒரு துளையிலிருந்து நீராவி வெளிவரும்; அதைச் சுற்றி விசிறி போல விரிந்த வெள்ளைக் கோடுகளோடு ஒப்பிட்டால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பது புலப்படும். தளத்தின் பின்பகுதியில் கப்பல் பெயரின் முதலெழுத்தைக் கத்தகானா என்னும் ஜப்பானிய எழுத்துமுறையில் பெரிதாக எழுதினார்கள்: அகாகிக்கு ‘அ’, காகாவுக்கு ‘கா’, ஹிர்யூவுக்கு ‘ஹி’. நம் உயிர்மெய் எழுத்தைப் போலவே கத்தகானாவிலும் ஓர் எழுத்தே ஓர் அசையாக ஒலிப்பதால், ஒற்றை எழுத்தே போதுமானதாக இருந்தது.

ஹிர்யூவின் முன்தளத்தில் இவற்றோடு ஒரு பெரிய சிவப்பு வட்டமும் இருந்தது. தம் விமானங்களே தவறுதலாகத் தாக்கிவிடாமல் இருக்கத் தீட்டப்பட்ட தேசியச் சின்னம் அது. 1942 ஜூன் 4 அன்று பசிபிக் கடலின் மிட்வே தீவருகே நடந்த போரில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து வீசிய குண்டுகளில் நான்கு அந்தக் கப்பலைத் தாக்கின. நான்கும் முன்தளத்தில்தான் விழுந்தன. மறுநாள் காலை ஜப்பானிய விமானமொன்று எடுத்த படத்தில், அந்த முன்தளம் இருந்த இடத்தில் பெரும் பள்ளமே தெரிகிறது. இந்தப் போரின் படங்களில் என்னை அதிக நேரம் நிறுத்திவைப்பது இதுதான்.

[திரையில்: அமெரிக்கக் கப்பல்கள்]

போருக்கு முன்பு அமெரிக்கர்களும் தயங்காமல்தான் எழுதினார்கள்: லெக்சிங்டனும் சரடோகாவும் ஒரே தோற்றம் கொண்ட இரட்டைக் கப்பல்கள் என்பதால், சரடோகாவின் புகைபோக்கியில் செங்குத்தான கறுப்புப் பட்டை போடப்பட்டது. 1941இல் போர் நெருங்கியதும், செம்பழுப்பாக இருந்த மரத்தளங்கள் கடலோடு கலக்கும் நீலச் சாயத்துக்கு மாறின. பின்னர் வந்த எசெக்ஸ் வகைக் கப்பல்கள் பலவற்றில், அந்த நீலத்தின் மேல் கப்பலின் எண் மங்கலான கறுப்பில் எழுதப்பட்டது; தாழ்வாக வரும் தன் விமானிக்குத் தெரியும், தொலைவிலுள்ள எதிரிக்கு எளிதில் தெரியாது என்பதே இதன் கணக்கு.

பக்கச்சுவர்களின் கதை வேறு. 1944இல் பல கப்பல்களின் பக்கங்களில் கோணல்மாணலான கறுப்பு, சாம்பல் திட்டுகள் தோன்றின. அவை கப்பலை மறைப்பதற்காக அல்ல. பெரிஸ்கோப் வழியே பார்க்கும் நீர்மூழ்கித் தலைவர், கப்பலின் திசையையும் வேகத்தையும் தவறாகக் கணித்து டார்பிடோவை வீணாக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் தற்கொலை விமானத் தாக்குதல்கள் தொடங்கியதும் வானமே பெரிய ஆபத்தானது; 1945இல் கப்பல்கள் ஒவ்வொன்றாக அடர்நீலத்துக்குத் திரும்பின.

[திரையில்: சுய்ஹோ, 1944 அக்டோபர் 25]

அதற்குள் ஜப்பானியரும் மறைப்பின் பக்கம் வந்திருந்தனர். பிலிப்பைன்ஸ் பகுதியில் நடந்த லெய்ட்டே வளைகுடாப் போரில் சுய்ஹோ என்ற விமானந்தாங்கியின் மேல்தளம், வேறொரு வகைப் போர்க்கப்பலோ என்று மயங்கவைக்கும் பட்டைகளும் திட்டுகளுமாகக் காணப்பட்டது. ஆனால் வேகமாக ஓடும் கப்பலின் பின்னால் நீளும் வெள்ளை நுரைத்தடத்தை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. அன்று அங்கே வந்த நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளும் மூழ்கின. சுய்ஹோவின் தளத்தில் தீட்டப்பட்ட வடிவத்தை இன்று நாம் தெளிவாகக் காண்பது, தாக்கவந்த அமெரிக்க விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படத்தில்தான்.