நஞ்சுக்கொடியைத் தேடிப் போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். இன்று சீனாவின் தெற்கிலும் லாவோஸ், வியட்நாம் மலைகளிலும் வாழும் மோங் மக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயரின் முதல் ஒலியை அவர்கள் மூக்கு வழியாக மெல்லக் காற்றை விட்டுச் சொல்வார்கள். நம் எழுத்தில் அதற்கு வழியில்லை, மோங் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர்களுடைய சாவு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். பல நூற்றாண்டுகள் எழுத்தில்லாமல் வாழ்ந்த மக்கள், தங்கள் வரலாற்றைப் பத்திரமாக வைத்த இடம் அது. ஒருவர் இறந்ததும் வழிகாட்டும் பாட்டு என்று ஒன்று பாடுவார்கள். பாடுகிறவர் உடலுக்குப் பக்கத்தில் நின்று, இறந்தவர் வாழ்ந்த ஊர்களைக் கடைசி ஊரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். அந்தந்த ஊரில் குடித்த தண்ணீருக்கும் எரித்த விறகுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் உயிர் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். கடைசியில் பிறந்த ஊர் வரும். அங்கே அதன் நஞ்சுக்கொடி புதைந்திருக்கிறது. ஆண் பிள்ளையுடையது என்றால் வீட்டின் நடுத்தூணுக்கு அடியில், பெண் பிள்ளையுடையது பெற்றோர் படுக்கைக்கு அடியில். மோங் மொழியில் நஞ்சுக்கொடிக்குப் பெயரே குழந்தையின் சட்டை என்பதுதான். அந்தச் சட்டையை எடுத்து உடுத்திக்கொண்டால்தான் மூதாதையரிடம் போய்ச் சேர முடியும் என்பது நம்பிக்கை.

கூடவே கெங் என்ற வாத்தியம் ஒலிக்கும். ஆறு மூங்கில் குழல் கொண்டது. மோங் மொழியில் ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் பொருள் மாறிவிடும். கெங் அந்த ஏற்ற இறக்கங்களை அப்படியே ஊதுவதால், பழகிய காதுக்கு அதில் சொற்களே கேட்கும்.

சரி, அந்தப் பாட்டு போகும் திசையிலேயே நாமும் பின்னோக்கிப் போவோம்.

முதல் ஊர், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால். அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேல் மோங் மக்கள் இருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற சுனிசா லீ இந்த ஊர்ப் பெண்தான். இன்னொரு கூட்டம் 1977இல் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்குப் போய், காட்டைத் திருத்திக் காய்கறி பயிரிட்டது.

அதற்கு முந்தைய ஊர், தாய்லாந்தின் பான் வினாய் அகதி முகாம். மோங் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பூத்துணி தைப்பவர்கள். நத்தைச் சுருள், யானைக் கால்தடம் என்று கோலம் போன்ற வடிவங்களே அதில் இருக்கும். முகாமில்தான் அந்தத் துணிக்குள் மனிதர்கள் நுழைந்தார்கள். அப்படி ஒரு கதைத்துணியை விரித்துப் பாருங்கள். மேலே ஒரு மூலையில் பச்சை மலையும் நெல் குத்தும் பெண்ணும். அதன் மேல் விமானங்கள். அப்புறம் முதுகில் கூடையும் குழந்தையுமாக ஒரு வரிசை கீழ்நோக்கி இறங்குகிறது. குறுக்கே நீலப்பட்டையாக, லாவோஸுக்கும் தாய்லாந்துக்கும் எல்லையான மீகாங் ஆறு. அதில் மூங்கிலைக் கட்டிப்பிடித்தபடி தலைகள் மட்டும் தெரிகின்றன. கரையில் துப்பாக்கியோடு படைவீரர்கள். எல்லாம் நூலில்.

அந்த வரிசையில் நடந்தவர்கள் சொன்ன ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. குழந்தை அழுதால் மொத்தக் கூட்டமும் பிடிபடும் என்று, தாய்மார் கொஞ்சம் அபினைக் குழந்தையின் வாயில் வைத்தார்கள். அளவு கூடிப்போய், கண் திறக்காமலே போன குழந்தைகள் உண்டு.

ஏன் ஓடினார்கள்? அடுத்த ஊர் அதைச் சொல்லும். லாவோஸ் மலைகளில் லோங் தியெங் பள்ளத்தாக்கு. 1961 முதல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., கம்யூனிஸ்டுகளை எதிர்க்க வாங் பாவ் என்ற மோங் தளபதியின் கீழ் ஒரு ரகசியப் படையை நடத்தியது. 1964இலிருந்து 1973க்குள் லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு விழுந்தது. போரில் ஆண்கள் குறைந்தபோது சிறுவர்களையும் படையில் சேர்த்தார்கள். கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கவே, 1975 மே 14 அன்று வாங் பாவ் வெளியேறினார். விமானத்தில் இடம் கிடைத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்கள் ஓடுதளத்தில் மூட்டையோடு நின்றார்கள்.

இதே மலைப்பகுதியில் 1959இல் ஒரு அதிசயமும் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஷோங் லூ யாங் என்ற விவசாயி, மோங் மொழிக்கு ஒரு எழுத்து முறையை உருவாக்கினார். அதில் உயிரொலிக்கான எழுத்து முன்னால் நிற்கும், மெய் பின்னால் வரும். வாசிக்கும்போது மெய்தான் முதலில். நாம் கெ, கே எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோமே, அதே மாதிரி. 1971இல் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

லாவோஸுக்கும் வியட்நாமுக்கும் அவர்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் சீனாவின் குய்சோ, ஹூனான், யுன்னான் மலைகள். சீன அரசு அவர்களையும் அவர்களுக்கு உறவான வேறு மக்களையும் சேர்த்து மியாவ் என்றது, இன்றும் என்கிறது. பேரரசுக்கு அடங்கி வரி கட்டியவர்கள் வெந்த மியாவ், அடங்காதவர்கள் பச்சை மியாவ். சோற்றைச் சொல்வது போல மனிதர்களைச் சொன்னார்கள். மேற்கு ஹூனானில் அவர்களைத் தடுக்க மிங் அரசு மதிலே கட்டியது. வரியும் நிலப்பறிப்பும் தாங்காமல் 1735, 1795, 1854 என்று மூன்று பெரும் கிளர்ச்சிகள். கடைசிக் கிளர்ச்சியை அடக்க 1873 வரை ஆனது. தோற்றவர்களில் பலர் தெற்கே நடந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் பாதை மங்குகிறது. சீனப் பழங்கதைகளில் வரும் மஞ்சள் பேரரசனோடு சோலு என்ற இடத்தில் போரிட்டு மாண்ட சியூ என்ற மன்னனே தங்கள் மூதாதை என்று அவர்கள் சொல்கிறார்கள். பாவாடையின் குறுக்குப் பட்டைகள், அன்று தாண்டி வந்த பெரிய ஆறுகளின் நினைவு என்றும் சொல்வார்கள். அவற்றைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. 1920களில் சவினா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இவர்கள் பனி மூடிய வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார். அதற்கும் ஆதாரம் நிற்கவில்லை. மோங் என்றால் சுதந்திரமானவர் என்று பொருள் சொல்வதையும் மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. மொழி காட்டும் இடம் யாங்சி ஆற்றின் நடுப்பகுதி, நெல் விளையும் மண். அவர்கள் பேச்சு சீன மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததும் இல்லை. மோங்-மியென் என்று அதற்குத் தனிக் குடும்பம் உண்டு.

செயின்ட் பாலில் இப்போதும் சாவு வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஊர்ப் பட்டியலில் அமெரிக்க நகரங்களும் சேர்ந்துவிட்டன. அங்கே குழந்தை பிறப்பது மருத்துவமனையில். நடுத்தூணும் இல்லை, மண் தரையும் இல்லை. ஆனாலும் பிரசவம் முடிந்ததும், அந்தச் சட்டையை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டு, வீட்டுக்கு எடுத்துப் போன பெற்றோர் உண்டு.