மயக்க மருந்து இதயத்தைக் காக்குமா? ஒரு மகளின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை ஒரு மகள் அனுப்பியிருக்கிறார். "அப்பாவுக்கு 64 வயது. விரைவில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரத்த ஓட்டம் குறையும்போது சில மயக்க மருந்துகள் இதயத்தைக் காக்கும் என்று படித்தேன். அதையே கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாமா?"

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு தூரத்துக்கு உண்மை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

1986-இல் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களில் ஒரு சோதனை செய்தார்கள். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்றை 40 நிமிடம் அடைத்துவைத்தால் தசையில் ஒரு பகுதி செத்துப்போகும். அப்படி அடைப்பதற்கு முன்னால், அதே குழாயை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். இதை நான்கு முறை செய்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, செத்த தசையின் அளவு வழக்கமாகச் சாவதில் கால் பங்காகக் குறைந்திருந்தது. சின்னச் சின்னப் பட்டினி, பெரிய பட்டினியைத் தாங்கும் பக்குவத்தை இதயத் தசைக்குத் தந்துவிட்டது. முதன்முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை மூடவே எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நோயாளியின் குழாயைப் பழக்கத்துக்காக அடைத்துத் திறக்க முடியுமா? 1997-இல் அதற்கு ஒரு மாற்று வழி தெரிந்தது. ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவை விலங்குகளுக்குக் கொஞ்ச நேரம் சுவாசிக்கக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு குழாயை அடைத்தபோதும் தசையின் சேதம் குறைவாகவே இருந்தது. வாயு போய்விட்டது, அது விட்டுப்போன பக்குவம் தசையில் தங்கியிருந்தது. செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் போன்ற மற்ற வாயுக்களுக்கும் இந்தக் குணம் உண்டு.

தசைக்குள் என்ன நடக்கிறது? இரத்தம் நின்றால் மட்டும் சேதம் என்று நாம் நினைக்கிறோம். இரத்தம் திரும்ப வரும் நேரமும் ஆபத்தானதுதான். காய்ந்து வெடித்த வயலில் மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு அரித்துக்கொண்டு போகிறதல்லவா, அதைப்போல. ஆக்சிஜன் திடீரென்று பாய்கிறது, செல்லுக்குள் கால்சியம் நிரம்பி வழிகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஒரு துளை திறந்துகொள்கிறது. அது திறந்தபடியே இருந்துவிட்டால் அந்தச் செல் பிழைக்காது. மயக்க வாயு பொட்டாசியம் வாயில்கள் சிலவற்றை முன்கூட்டியே திறக்க வைத்து, செல்லுக்குள் தொடர்ச்சியாகச் சில எச்சரிக்கைகளைக் கிளப்பிவிடுகிறது. அதனால் அந்த ஆபத்தான துளை எளிதில் திறப்பதில்லை.

உங்கள் அப்பாவின் சர்க்கரை மாத்திரை இங்கேதான் வருகிறது. கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை, கணையத்தில் இதே வகைப் பொட்டாசியம் வாயிலை மூடித்தான் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ஆய்வகத்தில் அந்த மருந்தைக் கொடுத்த பிறகு ஐசோஃப்ளுரேன் தரும் பாதுகாப்பு காணாமல் போனது. இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினாலும் அந்தப் பாதுகாப்பு மங்கிவிடும்.

சரி, மனிதர்களிடம் என்ன ஆயிற்று? தொடக்கத்தில் நடந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ட்ரோபோனின் ஏறும். வாயு கொடுத்தவர்களிடம் அது குறைவாக ஏறியது. 2019-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 13 நாடுகளில், பைபாஸ் செய்துகொண்ட சுமார் 5,400 பேர். பாதிப் பேருக்கு மயக்க வாயு, மீதிப் பேருக்கு ப்ரோபோஃபால் போல இரத்தக் குழாய் வழியாக மட்டும் செலுத்தும் மருந்து. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.8 சதவீதம், இரண்டாவதில் 3.0 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைக்க மாட்டேன். யோசித்துப் பார்த்தால் காரணங்கள் புரிகின்றன. ஆய்வகத்து விலங்கு இளமையானது, நோயில்லாதது. நம் நோயாளிக்கு வயது, சர்க்கரை, பத்து மாத்திரை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவை சிகிச்சையில் பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி ஏற்கெனவே அதைப் பாதுகாக்கிறோம். அதற்கு மேல் வாயு சேர்க்கும் பங்கு சிறியதாகத்தான் இருக்க முடியும்.

பெருந்தமனியை அழுத்தியிருந்த கிளாம்ப்பை எடுக்கும் கணத்தைப் பல முறை திரைக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறேன். வெளிறி அசையாமல் கிடந்த இதயம் மெல்லச் சிவக்கும், கொஞ்சம் நடுங்கும், பிறகு ஒரு துடிப்பு. அந்த நேரத்தில் என் கண் அதிகம் தேடுவது இரத்த அழுத்தத்தையும் நாடியையும்தான். இதயத்தின் இடது பக்கத் தசை, தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஓய்ந்திருக்கும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. நாடி வேகமெடுத்தால் அந்த ஓய்வு சுருங்கும்; வேலை கூடும், வரத்து குறையும். ஓய்வாக இருக்கும்போதே இதயம் தனக்கு வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், கையிருப்பு என்று அதனிடம் அதிகம் கிடையாது. ஆகவே நாடியை ஓட விடாமலும் அழுத்தத்தை விழ விடாமலும் நொடிக்கு நொடி பார்த்துக்கொள்வதுதான் ஒரு மயக்கவியல் மருத்துவர் இதயத்துக்குத் தரும் பெரிய பாதுகாப்பு. வாயுவாலும் அதைச் செய்யலாம், பால்போல் வெள்ளையாக இருக்கும் ப்ரோபோஃபாலாலும் செய்யலாம். எனக்கு வாயு பிடிக்கும். ஆனால் உங்கள் மருத்துவர் தினமும் கையாளும் முறையை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்கவியல் மருத்துவர் அப்பாவைப் பார்க்க வருவார். அப்போது மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுங்கள். எதை எந்த நாள் வரை சாப்பிட வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று அவரே சொல்லட்டும். எத்தனை படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, இரவில் வலி வருகிறதா என்பதை அப்பாவே தன் வாயால் சொல்லட்டும். பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் வலியைக் குறைத்துச் சொல்வார்கள், பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு, எந்த மருந்தில் தூங்க வைப்பீர்கள் என்ற உங்கள் கேள்வியையும் கேளுங்கள்.