கதவைத் தட்டும் கொலைகாரன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'உலகத்து அறநெறிகள் அடிப்படையில் ஒன்றே! வேறானவையே!' என்ற தலைப்பில், வேறானவையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி ஒரு கேள்வி கேட்டார். "உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்றார் கன்பூசியஸ். யூத ஞானி ஹில்லேலும் அதையே சொன்னார். 'இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்' என்றார் வள்ளுவர். பிறகு எங்கே இருக்கிறது வேறுபாடு?" அரங்கமே கைதட்டியது. மூன்றும் ஒத்துப்போவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அறத்தின் அடித்தளமே அதுதானா? இல்லை என்கிறார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட். 1785-இல் வந்த தம் அறவியல் நூலின் ஓர் அடிக்குறிப்பில் அவர் அந்த விதியை ஒதுக்கிவைக்கிறார். அதை மட்டும் பிடித்துக்கொண்டால், தண்டிக்க வரும் நீதிபதியிடம் குற்றவாளியும் அதே விதியைக் காட்டி வாதாடலாமே என்பது அவர் கவலை.

நடுவர் அவர்களே, சிக்கல் இல்லாத நாளில் எல்லா மரபும் ஒரே குரலில்தான் பேசும். பொய் சொல்லாதே என்னும், உயிரைக் காப்பாற்று என்னும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நாளில் என்ன சொல்கிறது? அங்கேதான் வேர் வெளியே தெரியும்.

ஒருவன் உயிருக்குப் பயந்து ஓடிவந்து உங்கள் வீட்டில் ஒளிந்துகொள்கிறான். துரத்தி வந்த கொலைகாரன் கதவைத் தட்டி, "உள்ளே இருக்கிறானா?" என்கிறான். அப்போதும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று 1797-இல் எழுதினார் காண்ட். இப்போது மகாபாரதத்தின் கர்ண பருவத்துக்கு வாருங்கள். கண்ணன் அருச்சுனனுக்குக் கௌசிகன் கதையைச் சொல்கிறான். உண்மை தவிர வேறு பேசாத விரதம் பூண்டவன் கௌசிகன். கொள்ளையர் வந்து கேட்டதும், ஒளிந்திருந்தவர்களின் இடத்தைச் சொல்லிவிட்டான். அவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த உண்மைக்காகக் கௌசிகன் நரகத்துக்குப் போனான்!

ஏறக்குறைய ஒரே வழக்கு. அங்கே கடமை என்று தீர்ப்பானது, இங்கே நரகத்துக்கு வழியாகிறது. இதையா ஒன்று என்கிறீர்கள்? வள்ளுவரைப் பாருங்கள். 'வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்று வாய்மையின் இலக்கணத்தையே தீங்கின்மையில் வைக்கிறார். காண்டும் வள்ளுவரும் வாய்மை பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் ஒரே பொருளைச் சொல்லவில்லை.

குடும்பத்துக்கு வருவோம். "எங்கள் ஊரில் ஒருவன் நேர்மையானவன், ஆடு திருடிய தந்தைக்கு எதிராகவே சாட்சி சொன்னான்" என்று பெருமைப்பட்டார் ஒரு சீனப் பிரபு. தந்தை மகனுக்காக மறைப்பார், மகன் தந்தைக்காக மறைப்பான், எங்கள் ஊரில் நேர்மை அதில்தான் இருக்கிறது என்றார் கன்பூசியஸ். ஏதென்ஸில் யூதிஃப்ரோ என்பவன் தன் தந்தைமீது கொலைவழக்குத் தொடுக்க வந்தபோது, சாக்ரடீஸ் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை. புனிதம் என்றால் என்னவென்று விளக்கு பார்ப்போம் என்று கேட்டார். ஒருவருக்கு உறவு முதலில் நிற்கிறது, மற்றவருக்கு விளக்கம் முதலில் நிற்கிறது. சீனாவுக்குள்ளேயே, எல்லாரிடமும் ஒரே அளவு அன்பு வை என்றார் மோசி என்ற அறிஞர். அது தந்தையையே இல்லாமல் ஆக்கும் கொள்கை என்று கன்பூசியஸ் வழிவந்த மென்சியஸ் கடிந்தார்.

எதிரணியின் கடைசி ஆயுதம் ஐ.நா. சபையின் 1948-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம். எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை என்றார்கள். உண்மை, ஆதரித்தவை 48 நாடுகள். விலகி நின்ற 8 நாடுகளை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அந்த உரிமைகள் குறித்து யுனெஸ்கோவில் கூடிய அறிஞர்கள் எப்படி ஒத்துப்போனார்கள் என்பதைப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழாக் மரித்தேன் பதிவு செய்திருக்கிறார். உரிமைகளில் எங்களுக்கு உடன்பாடுதான், ஆனால் ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்றார்களாம்.

நடுவர் அவர்களே, அறநெறியின் அடிப்படை என்பது அந்த 'ஏன்'தான். இன்றைய வழக்கும் அதுதான். கதவு தட்டப்படுகிறது. என்ன சொல்வீர்கள், ஏன் சொல்வீர்கள் என்பதற்குக் காண்டும் கண்ணனும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரே பதிலை எதிரணி இந்த மேடையில் சொல்லட்டும்.