கத்தியை நீட்டியவள் பெற்ற தாய்

நடுவர் ஐயா அவர்களுக்கும், மாரியம்மன் நோம்பிக்கு வந்து, கம்பத்தாட்டம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

‘இருண்ட தேவதைக் கதைத் தொகுப்புகள் நம்மை இழுப்பது பயத்தின் ருசியாலா, உண்மையின் பலத்தாலா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, “காடும் ஓநாயும் ரத்தமும்தான் கவர்ச்சி, பேய்ப்படம் பார்க்கிற அதே சுகம்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். ரத்தம் இருக்கிறது, சரி. அது யார் சொல்லிச் சிந்துகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்த கிரிம் சகோதரர்கள் தொகுத்த சிண்டிரெல்லா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச் செருப்பு மூத்தவளுக்குச் சேரவில்லை. பெருவிரல் இடிக்கிறது. அம்மாக்காரி கத்தியை நீட்டுகிறாள்: விரலை வெட்டிவிடு, ராணியான பிறகு நீ நடக்கவா போகிறாய்? மகளும் வெட்டிக்கொண்டு, வலியை விழுங்கிக்கொண்டு, இளவரசனின் குதிரையில் ஏறுகிறாள். சிண்டிரெல்லாவுக்கு அவள் மாற்றாந்தாய். இந்தப் பெண்ணுக்குப் பெற்ற தாய்! இதில் பேய் எங்கே வந்தது? “மாப்பிள்ளை வீட்டில் தோட்டம் இருக்கிறது, மில் இருக்கிறது, படிப்பை நிறுத்தினால் என்ன இப்போ?” என்கிற குரலை நம் பக்கத்தில் யாரும் கேட்டதில்லையா? அந்த வரிக்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தவள் நான். பயந்து அல்ல. என் ஊர்க் கதையை யாரோ எனக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்களே என்றுதான்.

அப்புறம் அதே கிரிம் தொகுப்பில் ஹான்சல், கிரெட்டல் என்கிற அண்ணன் தங்கை கதை. வீட்டில் பஞ்சம். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று சொல்பவள் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். நம் நல்லதங்காள் கதை அப்படி மாற்றவில்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிறவள் பெற்றவளேதான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் கோவை, சேலம் ஜில்லாக்களை வாட்டி எடுத்ததுங்க. பசி ஒரு தாயை எதுவரைக்கும் தள்ளும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். நல்லதங்காள் பாட்டுக் கேட்டு எங்கள் அம்மாயி அழுவார். ஒரு நாளும் நடுங்கியதில்லை. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்துப் பாடும்போது, பொன்னர் சங்கர் மடிகிற இடத்தில் கூட்டம் கலைந்து ஓடுகிறதா? செத்தவர்கள் போல மயங்கிப் படுகளம் விழுகிறார்கள்! தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைகள் சிறிதாக இருப்பதும் ஒரு பலம். ஏன் செய்தாள், அவள் மனதில் என்ன ஓடியது என்று விளக்கம் கிடையாது. நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறது. மீதியைப் படிக்கிறவள் தன் வீட்டிலிருந்து நிரப்பிக்கொள்கிறாள்.

அதனால்தான் பழைய கதையைத் திரும்ப எழுதவும் முடிகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதையில், புருஷன் கழுத்தை வெட்ட வரும்போது பெண்ணைக் காப்பாற்றுவது அவள் கூடப்பிறந்த ஆண்கள். அதே கதையை இங்கிலாந்து எழுத்தாளர் ஆஞ்செலா கார்ட்டர் 1979-இல் தன் தொகுப்பில் மாற்றி எழுதினார். அதில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. செத்துப்போன தன் கணவனின் ராணுவக் கைத்துப்பாக்கியோடு, குதிரையை விரட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் தாய் வருகிறாள். ஒரே குண்டு, மருமகன் காலி. அதைப் படிக்கிற ஒரு மகளுக்கு வருவது பயம்தானா? எதிரணித் தங்கை எழுந்து வந்து பதில் சொல்லட்டும். நன்றிங்க.