கேள்வி யாருடையது?
(தலைப்பு: "இனப்படுகொலையில் பிழைத்த பெண்களின் நினைவைக் காப்பது நீதிமன்றமா, கலையா?" ‘கலையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கண்ணகியைத் துணைக்கு அழைத்துவந்தார். "கணவனைப் பறிகொடுத்தவள் ஆடப் போனாளா, பாடப் போனாளா? நேரே வழக்குமன்றம்தானே போனாள்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி அண்ணே, போனாள், வென்றாள். அந்தத் தீர்ப்பின் நகல் இருக்கிறதா உங்களிடம்? அவள் மன்றத்துக்குப் போன கதையே ஒரு புலவன் பாடியதால்தான் உங்கள் காதுக்கு வந்தது. என் கட்சிக்காரியைக் கூட்டிவந்து எனக்கு எதிராகவே நிறுத்தினால் எப்படி?

அடுத்து ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைச் சொன்னார். அது கனமான வாதம், சிரித்துவிட்டுத் தாண்ட முடியாது. 1994இல் நூறே நாளில் சுமார் 8 லட்சம் பேரைக் கொன்றார்கள். அதற்காக அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயம், இனப்படுகொலையின் ஒரு வடிவமாகப் பாலியல் வன்முறையும் இருக்க முடியும் என்று அகாயேசு என்ற ஊர்த்தலைவர் மீதான வழக்கில் 1998 செப்டம்பர் 2ஆம் தேதி தீர்ப்பளித்தது. உலகில் அதுவே முதல்முறை. அமர்வில் ஒரே பெண் நீதிபதி நம் தமிழ் வம்சாவளியில் வந்த நவநீதம் பிள்ளை. வழக்கு தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் அந்தக் குற்றமே இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் வாய் திறந்த பிறகுதான் அதைச் சேர்த்தார்கள். அந்தத் தீர்ப்பு இல்லாமல் இன்று இந்த மேடையில் நானும் இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் பாருங்கள். வரலாற்றைத் திருப்பிய அந்தப் பெண்களுக்கு அங்கே பெயர் கிடையாது. சாட்சி ஜே, சாட்சி எச், சாட்சி ஜேஜே. அவர்கள் பாதுகாப்புக்காகச் செய்தது, குறை சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: கூண்டில் நிற்பவள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லலாம். எதைக் கேட்பது என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார்.

அதே ருவாண்டாவில், ஹூயே நகரத்துக்கு வாருங்கள். 2004இல் நாடகக் கலைஞர் ஒடில் கக்கிரே கத்தேசே ஒரு பெண்கள் முரசுக் குழுவைத் தொடங்கினார். பெயர் ‘இங்கோமா ன்ஷ்யா’. முரசைப் பெண் தொடவே கூடாது என்பது அங்கே பழைய கட்டு. கணவனை இழந்தவள், கொன்றவனின் வீட்டுப் பெண் இருவரும் ஒரே தாளத்துக்கு அடிக்கிறார்கள். அந்த மொழியில் இங்கோமா என்றால் முரசு, அரசு என்றாலும் அதே சொல்தான்! முரசையும் அரசையும் ஒட்டிவைத்துப் பாடிய நமக்கு இதற்கு அகராதி வேண்டியதில்லை. சாட்சியை மறைக்கும் திரை இங்கே இல்லை, பெயருக்குப் பதில் எழுத்துக் குறியும் இல்லை. முகம் தெரிய நின்று அடிக்கிறாள்.

"கலை என்ற பெயரில் கண்ணீர் வியாபாரம் நடக்கிறது" என்றார் எதிரணித் தங்கை. நடக்கிறது அம்மா, மறுக்கவில்லை. வெளியிலிருந்து வந்து படம்பிடித்துப் போகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பிழைத்தவளே கையில் எடுக்கும் கலையைப் பேசுகிறேன்.

கம்போடியா. 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் வரிசையாக நிறுத்திக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அங்கே கல்யாணம் என்றால் கமுகம்பூ வேண்டும், அந்தக் கல்யாணங்களில் அது இல்லை. இந்தக் கொடுமையை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கான பரிகாரங்களில் ஒன்றாக எதை ஏற்றது தெரியுமா? ஒரு நாட்டியத்தை! கமுகம்பூவைத் தலைப்பிலேயே வைத்த நாட்டியம். அமைத்தவர் சோஃபிலின் சியாம் ஷபிரோ, அந்த ஆட்சியில் தகப்பனைப் பறிகொடுத்துப் பிழைத்த பெண். எதிரணி நம்பும் நீதிமன்றமே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது, நடுவர் அவர்களே!

மணி அடிக்கிறீர்கள். ஒன்றே ஒன்று.

ஐரோப்பாவில் போஸ்னியா நாட்டின் சிரெபிரெனிச்சா நகரம், 1995 ஜூலை. ஆண்களையும் பையன்களையும் பிரித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிற்பாடு ஒரு விதவை, கணவனோடு சேர்ந்து காப்பி குடித்ததைத்தான் இப்போது அதிகம் இழந்து தவிக்கிறேன் என்றாள். போரில் அகதியாகக் கிளம்பிய ஐடா ஷேஹோவிச் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். 2006 முதல் 2020 வரை ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று ஏதாவது ஓர் ஊரின் பொதுவிடத்தில், போஸ்னியக் குடும்பங்கள் கொடுத்த பிடியில்லாத சின்னக் கோப்பைகளைத் தரையில் அடுக்கினார். வழிப்போக்கர்களும் குனிந்து அவற்றில் காப்பி ஊற்றினார்கள். யாரும் குடிக்கவில்லை. அதன் பெயரே ‘நீ ஏன் இங்கே இல்லை’.

"உன் புருஷனோடு என்ன குடிப்பாய்?" என்று ஒரு வழக்கறிஞர் கேட்டிருந்தால், வழக்குக்குத் தொடர்பில்லை என்று நீதிபதி அங்கேயே நிறுத்தியிருப்பார். 2020இல் அந்தக் கோப்பைகள் சிரெபிரெனிச்சாவுக்கே திரும்பி வந்தன, கல்லறைகளுக்குப் பக்கத்தில். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்றாக மொத்தம் 8,372. அத்தனையிலும் காப்பி ஊற்றி, ஆற விட்டார்கள்.

அமர்கிறேன்.