பழைய பாணி நிச்சய மோதிரம்: கல்லுக்கு முன் கட்டடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். டர்பனில் நகைப் பட்டறையில் வேலை செய்கிறவள் நான். நிச்சயதார்த்த மோதிரம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இப்போது நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்பது பழைய பாணி மோதிரங்கள். கைபேசியில் படத்தைக் காட்டி, "ஆன்ட்டி, இந்த மாதிரி வேண்டும்" என்பார்கள். அடுத்த கேள்வி, கல் எத்தனை கேரட் என்பதாக இருக்கும். நானோ மோதிரத்தைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். கல்லைத் தாங்கும் கட்டடம் அடியில்தான் தெரியும். பழைய மோதிரத்தின் அழகு அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. பணத்தையும் முதலில் அங்கேதான் போட வேண்டும்.

ஒவ்வொரு காலத்துக் கட்டடமும் அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த கல்லையும் உலோகத்தையும் வைத்து உருவானது. பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வைரம் வந்த நாளில் கல் அரிது. அப்போது கல்லின் முதுகை மூடி, அடியில் பளபளக்கும் தகடு வைத்துக் கட்டினார்கள். நம் கோயில் நகைகளில் கெம்புக்கல் பதிப்பதும் அதே வழிதான். 1867-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில், ஆரஞ்சு ஆற்றங்கரையில், ஹோப்டவுன் பக்கம் ஒரு வைரம் கிடைத்தது. 1871-இல் கிம்பர்லியில் தோண்டத் தொடங்கினார்கள். கல் பெருகியது, கட்டடமும் திறந்தது. ஐந்து வைரங்களை ஒரே வரிசையில் பதித்த விக்டோரியா கால மோதிரங்கள் பரவின. 1886-இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் ஒற்றைக் கல்லை ஆறு கவ்வுகளால் தூக்கி நிறுத்தியது. தமிழ்நாட்டு வீடுகளில் வைரத்தோடு பற்றிப் பேசும்போது 'புளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்த ஜாகர் நம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கம்தான். இந்த மண்ணின் கல் நம் பாட்டிமார் காதில் எப்போதோ ஏறிவிட்டது என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எட்வர்ட் மன்னர் காலத்தில், பிளாட்டினம் வந்தது. அது உருக 1768 டிகிரி வெப்பம் வேண்டும், தங்கத்துக்கு 1064 போதும். அவ்வளவு சூட்டைத் தரும் ஊதுகுழல்கள் வந்த பிறகே பட்டறைகளில் அது தாராளமாகப் புழங்கியது. உறுதியான உலோகம் என்பதால் நூல்போல் மெல்லிய கம்பி வேலை செய்ய முடிந்தது. விளிம்பில் கடுகைவிடச் சிறிய மணிகளை வரிசையாக உருட்டி எடுத்தார்கள், அதை மில்கிரெயின் என்கிறோம். 1920-களில் ஆர்ட் டெகோ என்ற பாணி வந்தது: நேர்கோடு, எண்கோணம், வைரத்தைச் சுற்றி அளவாக வெட்டிய நீலக்கல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பிளாட்டினத்தைப் போர்த் தேவைக்கென ஒதுக்கியபோது, தடித்த மஞ்சள் தங்கமும் சிவந்த தங்கமும் மோதிரங்களில் திரும்பி வந்தன.

கடையில் பெரியவர்கள் என்னோடு வாதாடுவது இருபத்திரண்டு கேரட் தங்கத்துக்காக. தாலிக்கும் வளையலுக்கும் அது சரி. கல் வைத்த மோதிரத்துக்கு வேண்டாம் என்று பணிவோடு சொல்கிறேன். 91.6 சதவீதம் தங்கம் இருந்தால் கவ்வு மிருதுவாகிவிடும். துணியில் மாட்டி வளையும், ஒருநாள் கல் போய்விடும். பதினெட்டு கேரட்டில் 75 சதவீதம் தங்கம் இருக்கிறது, மீதி உலோகம் பிடிப்பைத் தருகிறது. வெள்ளை வேண்டுமென்றால் பிளாட்டினம். 1924-இல் புவியியலாளர் மெரென்ஸ்கி கண்டறிந்த பாறைப் படுகையிலிருந்து இன்றும் இந்த நாட்டில் எடுக்கிற உலோகம் அது. வெள்ளைத் தங்கமும் நல்லதுதான். ஆனால் அதன்மேல் உள்ள ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சு தேயும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும்.

அடுத்தது, மோதிரம் போடப்போகிற கை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ரொட்டிக்கு மாவு பிசைகிற கையா, மருத்துவமனையில் நாளெல்லாம் கையுறை மாட்டுகிற கையா? உயரத் தூக்கிய கல் கையுறையைக் கிழிக்கும், தலைமுடியில் சிக்கும். அப்படிப்பட்ட கைக்கு, கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பு அணைத்துப் பிடிக்கிற தாழ்ந்த கட்டடத்தைத்தான் நான் சொல்வேன். அந்த விளிம்பில் மில்கிரெயின் ஓட்டினால் பழைய களை அப்படியே வரும். பெரிய கல்லைச் சுற்றிப் பொடிக்கற்கள் பதித்த மோதிரம் படத்தில் அள்ளிக்கொண்டு போகும். அந்தப் பொடிக்கற்களைப் பிடித்திருப்பது ஊசிமுனை அளவு உலோகம், தேய்ந்தால் கல் ஒவ்வொன்றாக உதிரும். மரகதம் ஆசைப்பட்டால் கூடுதல் கவனம் வேண்டும், அது வைரத்தையும் நீலக்கல்லையும் போல அடி தாங்காது. எந்தக் கல்லானாலும் அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். எண்ணெயும் மாவும் அங்கேதான் சேரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மிருதுவான பல்துலக்கியும் உள்ளே போக வழி வேண்டும். தகடு வைத்து மூடிய உண்மையான பழைய நகையை மட்டும் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், தகடு கறுத்துவிடும்.

அச்சில் வார்த்த மோதிரத்தையும் ஆசாரி கையால் செய்ததையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கையால் செய்த கம்பி வேலையில் இடைவெளி சுத்தமாக இருக்கும், மணிகள் தனித்தனியாக நிற்கும். மலிவாக வார்த்ததில் எல்லாம் உருகிக் குழைந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வார்ப்பே தப்பு என்று சொல்லவில்லை. வார்த்த பிறகு கையால் சீர்செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டில் பாட்டியின் தோடோ மூக்குத்தியோ சும்மா கிடந்தால், குடும்பத்தார் சம்மதத்தோடு அந்தக் கல்லைக் கொண்டு வாருங்கள். பழைய வெட்டு வைரத்தின் உச்சியில் உள்ள தட்டையான முகம் சிறியது, கல்லின் மேல்பாதி உயரம். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பெரிய பெரிய பொறிகளாக மின்னும். கடையில் அப்படி ஒரு கல் தேடுவது சிரமம், அதற்காகவே பழைய பாணிக் கட்டடம் கட்டலாம்.

விரல் அளவை வெயில் நாளின் மாலையில் எடுங்கள். டர்பன் பிப்ரவரியில் விரல் வீங்கும். சுற்றிலும் சித்திர வேலையோ கல்லோ ஓடும் மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவது கடினம். அடிப்பக்கத்தில் கொஞ்சம் வெறும் தங்கம் விடச் சொல்லுங்கள். தாலியோடு கல்யாண மோதிரமும் போடுவதாக இருந்தால், நிச்சய மோதிரமும் அதுவும் உரசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருமா என்று மெழுகில் மாதிரி செய்யும்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். தங்கத்தில் வார்த்த பிறகு அதைத் திருத்தச் செலவு அதிகம்.